பொட்டலத்தில் வரும் குடிநீர்

புராக்டர் அண்டு காம்பிள் நிறுவனம் 2004-இல் தொடங்கிய குழந்தைகள் குடிநீர்த் திட்டத்தின் உயிர்நாடி ஒரு சிறு பொட்டலம். அதிலுள்ள 4 கிராம் தூள் 10 லிட்டர் கலங்கல் நீரைத் தெளியவைக்கும். பெரிக் சல்பேட் அழுக்கைத் திரட்டி அடியில் படியச் செய்கிறது. கால்சியம் ஹைபோகுளோரைட் கிருமிகளைக் கொல்கிறது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியமும் பெரும்பாலும் வண்டலோடு நீங்கிவிடுகிறது. துணியில் வடிகட்டி, 20 நிமிடம் பொறுத்துக் குடிக்கலாம். வெள்ளக் காலத்தில் இது அருமருந்தே.

ஆயினும், இத்திட்டம் தன் சாதனையை லிட்டர்க் கணக்கில் அறிவிக்கிறது. இந்த அளவுகோல் போதுமா? பொட்டலம் தீர்ந்த மறுநாள் குடத்துக்கு வருவது பழைய கலங்கல் நீர்தானே! கிணற்றில் கழிவு கலப்பதை எந்தத் தூளும் தடுக்காது. பொட்டலமே தேவைப்படாத ஊர்கள் எத்தனை உருவாயின என்று கணக்குக் காட்டும்போதுதான் இத்தொண்டு முழுமை பெறும்.