‘லைலா’: நாளைய மதில்களும் இன்றைய மதில்களும்

1905ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் ஆங்கில ஏட்டில் ஒரு கதை வெளியாயிற்று. கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் பேகம் ரொக்கையா என்னும் வங்கத்து முஸ்லிம் பெண்மணி. ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க, பெண்கள் ஆளும் நாடொன்றை அவர் கற்பனையில் படைத்தார். அந்நாட்டுப் பெண்கள் மேகத்திலிருந்தே குழாய் வழியாக நீரை இறக்கிக் கொள்கின்றனர். கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து வைத்துச் சமைக்கின்றனர். அறிவியல் அங்கே ஊர்ப்பொதுவாக இருக்கிறது.

114 ஆண்டுகளுக்குப் பின், 2019 ஜூன் 14 அன்று, இந்திய மண்ணின் மற்றொரு கற்பனை நாடு நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளிவந்தது. பிரயாக் அக்பர் 2017இல் எழுதிய ஆங்கில நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட ‘லைலா’ என்னும் இந்தித் தொடர் அது. ஆறே பகுதிகள். தீபா மேத்தா, சங்கர் ராமன், பவன் குமார் ஆகிய மூவரும் இயக்கியிருக்கின்றனர். ரொக்கையா கண்டது நற்கனவு, இது தீக்கனவு. 2040களின் இறுதியில் ‘ஆரியவர்த்தம்’ என்று பெயர் மாறிவிட்ட நாட்டில், நீர் பொன்னினும் அரிதாகிவிடுகிறது. மக்கள் குலவாரியாக மதில்களுக்குள் வாழ்கின்றனர். கலந்து மணந்தோர் குற்றவாளிகள். அவர்கள் ஈன்ற பிள்ளைகள் கலப்புப் பிள்ளைகள்.

இத்தொடரை நாம் திருவண்ணாமலையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில், இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தோம். முடிந்ததும் நண்பரின் மகள், கல்லூரியில் பயிலும் பெண், ஒரு கேள்வி கேட்டாள்: “மாமா, ரிஸ்வான் சாகறதுக்கு மட்டும்தான் இந்தக் கதைக்குள்ள வந்தாரா?” அக்கேள்விக்கு அன்றிரவு நம்மிடம் விடையில்லை. அதைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஷாலினி இந்துக் குடும்பத்துப் பெண், அவள் கணவன் ரிஸ்வான் முஸ்லிம், மகள் லைலா. ஊரே குடிநீருக்குத் தவிக்கும் காலத்தில் இவர்கள் தம் வீட்டு நீச்சல் குளத்தில் விளையாடிக் கொண்டிருக்கின்றனர். ‘ரிப்பீட்டர்கள்’ எனப்படும் ஏவலர் கூட்டம் வீட்டினுள் புகுகிறது. ரிஸ்வான் கொல்லப்படுகிறான். குழந்தை பறிக்கப்படுகிறது. ஷாலினியோ, பெண்களைத் ‘தூய்மைப்படுத்தும்’ நிலையத்தில் அடைக்கப்படுகிறாள். அங்கிருந்து தப்பி, பிடிபட்டு, உழைப்பு முகாமில் தள்ளப்பட்டு, பெரிய வீடொன்றில் பணிப்பெண்ணாகி, அவள் மகளைத் தேடுவதுதான் தொடரின் கதை.

முதலில் நிறைகளைக் காண்போம்.

இத்தொடரின் ஆற்றல் அதன் தொடக்கக் காட்சியிலேயே இருக்கிறது. கொடியவர் வருமுன்னரே அங்கே ஓர் அநீதி நிகழ்ந்து கொண்டிருக்கிறது. பிறர் குடத்துக்கு இல்லாத நீர் இவர்கள் குளத்தில் இருக்கிறது. நாம் இரக்கம் கொள்ள வேண்டிய குடும்பத்தையே குறையுள்ள குடும்பமாகக் காட்டத் துணிந்தமை பாராட்டுக்குரியது. கெட்டவர் ஒருபுறம், நல்லவர் மறுபுறம் என்று கோடு கிழித்துவிடும் எளிய வழியை அக்காட்சி மறுக்கிறது.

நீரைக் கதையின் உயிர்நாடியாக வைத்ததும் வீண்போகவில்லை. இத்தொடர் வெளிவந்த அதே ஜூன் மாதத்தில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தன; மக்கள் குடங்களோடு லாரிகளுக்காகக் காத்து நின்றனர். அடுத்த மாதம், ஜூலை 12 அன்று, நமக்கு அண்டையிலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி சென்னை வில்லிவாக்கத்தை அடைந்தது. தம் ஊர் நீர் வெளியே போகிறதே என்று வேலூர்ப் பக்கத்தில் எழுந்த முணுமுணுப்பையும் நாம் மறந்துவிடவில்லை. 2040களில் நிகழ்வதாகக் காட்டியதில் ஒரு பாதியைத் தமிழகம் அந்தக் கோடையிலேயே கண்டுவிட்டது.

நடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷாலினியாக வரும் ஹுமா குரேஷி, அழுது தீர்ப்பதை விட அழுகையை விழுங்கும் இடங்களில் உயர்ந்து நிற்கிறார். உழைப்பு முகாமில் வரும் சீமா பிஸ்வாஸ், கொடுமைக்கு உட்பட்டவரே கொடுமையின் கருவியாவது எங்ஙனம் என்பதைச் சில பார்வைகளிலேயே உணர்த்திவிடுகிறார். 2003இல் ‘பாய்ஸ்’ படத்தின் மூலம் தமிழ் இரசிகர்களுக்கு அறிமுகமான சித்தார்த், காவலன் பானுவாக வருகிறார். அவர் நண்பரா பகைவரா என்ற ஐயத்தை நெடுநேரம் காத்துக்கொள்வது அவருடைய திறமை.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

இத்தொடர் இந்து சமயத்தைப் பழிக்கிறது என்ற குற்றச்சாட்டு வெளிவந்த நாள்களில் பலமாக எழுந்தது. நாம் அப்படிக் கருதவில்லை. பிறப்பினால் தூய்மையை அளக்கும் அதிகாரத்தையே அது சாடுகிறது. அத்தகைய அதிகாரம் எந்தச் சமயத்தின் ஆடையையும் அணிந்துகொள்ள வல்லது. நமது குறைபாடு வேறு.

முதல் மூன்று பகுதிகளில் ஒரு தாயின் துயரமாக நடந்த கதை, பிற்பகுதியில் ஒற்றர் கதையாக மாறிவிடுகிறது. புரட்சிக்காரர், இரட்டை வேடக்காரர், ஆட்சியைக் கைப்பற்றத் துடிப்பவர், நச்சுவாயு என்று பொருள்கள் குவிகின்றன. ஷாலினி தப்பும் இடங்களில் கதையாசிரியரின் கை வெளிப்படையாகத் தெரிகிறது. இறுதியில் அவள் மகளைக் காண்கிறாள்; மகளோ தாயை அறிந்துகொள்ளவில்லை. நெஞ்சை உலுக்க வேண்டிய அந்த இடத்தில், அடுத்து என்ன வெடிக்கும் என்றே நம் மனம் பரபரக்கிறது. பரபரப்பின் விலையாகத் துயரம் பறிபோகிறது. இரண்டாம் பாகம் வரவுமில்லை. கதை பாதி வழியில் நின்றுவிட்டது.

‘ஸ்கைடோம்’ என்னும் கற்பனையை எடுத்துக்கொள்வோம். செல்வர் வாழும் பகுதியை மூடி, உள்ளே குளிர்ந்த காற்றைத் தந்து, வெப்பத்தை வெளியே உள்ள சேரிகளின் மீது கக்கும் மாபெரும் கவிகை அது. ரொக்கையா ஊருக்கெல்லாம் வழங்கிய அறிவியலை ஒரு மதிலுக்குள் அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உருவகம் இல்லை. ஆயினும் தொடர் அக்கவிகையின் கீழ் வெந்து சாகப்போகும் மக்களிடம் சென்று அமரவில்லை. அவர்கள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள். தம் வாழ்வைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரம் தரப்படவில்லை.

அதே பேசாமைதான் ரிஸ்வானுக்கும் வாய்த்தது. நண்பரின் மகள் கண்டுபிடித்த குறை இதுவே. ரிஸ்வான் அழகன், அன்பன். ஆனால் அவனுக்கு ஒரு தெரு இல்லை, தொழுகை இல்லை, சினம் இல்லை, பிழையும் இல்லை. கொல்லப்பட்ட பின் மனைவியின் நினைவில் நிழலாக உலவுகிறான். முஸ்லிமை இழிவாகக் காட்டும் படங்களைக் கண்டு மனம் நொந்த நமக்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் இதுவும் ஒருவகை அழிப்பே. குறையற்ற பிணமாக இருப்பதைவிடக் குறையுள்ள மனிதனாக இருப்பதையே நாம் விரும்புவோம்.

நாவலில் இக்குறை இந்த அளவுக்கு இல்லை. அங்கே மதில்களை எழுப்புவது அதிகாரம் மட்டுமன்று. ஒவ்வொரு கூட்டமும் தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறது. தமிழ்ப் பிராமணருக்கு ஒரு பகுதி, கத்தோலிக்கருக்கு ஒரு பகுதி, போரா முஸ்லிம்களுக்கு ஒரு பகுதி என்று நகரமே கூறுபடுகிறது. தன் மதிலைப் பாதுகாப்பு என்றும் பிறர் மதிலைக் கொடுமை என்றும் சொல்லும் மனப்பான்மையை நாவல் விட்டுவைக்கவில்லை. தொடரோ பழி முழுவதையும் ஓர் ஆட்சியின் தலையில் சுமத்திவிட்டு, பார்ப்போரை நிம்மதியாக உறங்க அனுப்பிவிடுகிறது. இதுவே அதன் பெருங்குறை என்பது நமது துணிபு.

ஏனெனில், மதில் எழுப்ப ஆரியவர்த்தம் வர வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தெருவைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. ‘லைலா’ வெளிவந்த 2019ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அடுத்திருந்த எளியவர் குடியிருப்பில் 17 உயிர்களைப் பலிகொண்டது. அதனைத் தீண்டாமைச் சுவர் என்றே பலர் அழைத்தனர். திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் தொலைவு மலையைச் சுற்றி ஒன்றாக நடக்கின்றனர். முன்னால் நடப்பவர் எக்குலம் என்று எவரும் கேட்பதில்லை. அதே மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் காவலர் துணை வேண்டியிருந்தது. செங்கல் இல்லாமலும் மதில் எழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். முஸ்லிம் என்ற காரணத்தால் வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட கசப்பு நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பெண் கொடுக்கும்போது, பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவரிடமே ‘நீங்கள் எந்த வகையறா?’ என்று நாம் கேட்பதில்லையா? தக்கனி பேசுபவர் என்றும் தமிழ் பேசுபவர் என்றும், இன்ன தொழிலார் என்றும் உள்ளுக்குள் கோடு கிழித்துக்கொள்வதில்லையா? பிறர் மதிலில் மோதி அழும் கண்களுக்கு நம் மதில் தெரிவதில்லை.

எனவே, தம்பி மகளே, உன் கேள்விக்கு நம் விடை இது: ஆம், இத்தொடரில் ரிஸ்வான் சாவதற்காகவே வந்தான். அவனை வாழவைத்து எழுதும் கடமை தொடரை எடுத்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஊமையாக்கப்பட்டவர் கதையை ஊமையாக்கப்பட்டவரே எழுத வேண்டும். எழுதும்போது தம் வீட்டுக் குளத்தில் தேங்கி நிற்கும் நீரையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

குறைகள் இருப்பினும் ‘லைலா’ பார்க்கத் தக்க தொடரே. பார்த்தபின், சென்னையில் அச்சேறிய ரொக்கையாவின் அந்தச் சிறிய கதையையும் தேடிப் படியுங்கள். ஒன்று எதை இழக்கப்போகிறோம் என்று சொல்கிறது. மற்றொன்று எதைக் கட்டலாம் என்று சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர், தம் கையிலுள்ள செங்கல்லை எங்கே வைப்பது என்று ஒரு கணமேனும் தயங்குவர். அந்தத் தயக்கத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம்.