காலாவதித் தேதிகளின் நாவல்

மிக்ஸி ஜார் மூடி உடைந்தபோது, அம்மா அதன் மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்னி அரைத்தாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படியேதான் ஓடியது. 'புதுசு வாங்கிடலாம்மா' என்று நான் சொல்லவில்லை. 'எதுக்குடி, காலி பண்ணப்போற வீட்டுக்கு' என்று அவளும் சொல்லவில்லை. எனக்கு கனடா விசா வந்ததும் அம்மா மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போவது, திருச்சி வாடகை வீட்டைக் காலி செய்வது என்று ஏற்பாடு. என் புத்தகங்கள் 2021 பிப்ரவரியிலேயே 4 அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டன. ஆறு மாதத்தில் முடிவு தெரிந்துவிடும் என்பது கணக்கு.

ஆகவில்லை. அந்தக் காலத்தில் நான் படித்த, படிக்க முயன்ற, பாதியில் தூக்கிப்போட்ட காத்திருப்பு இலக்கியம் பற்றியும், அதில் தேறிய ஒரே ஒரு நாவல் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னணி. கனடாவின் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டம் மனிதர்களைப் புள்ளிகளாக எண்ணுகிறது. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி. திருமணமாகாதவர்களுக்கு 29 வயதுவரை வயதுக்கு 110 புள்ளி. 30ல் அது 105. 31ல் 99. என் 30ஆவது பிறந்தநாளுக்கு அம்மா பாயசம் வைத்தாள். நான் லேப்டாப்பில் 5 புள்ளியைக் கழித்துக்கொண்டிருந்தேன். பிறந்தநாளுக்கு அபராதம் கட்டியது அதுதான் முதல் தடவை. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 வருஷம். மருத்துவப் பரிசோதனைக்கு 12 மாதம். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாத் தாளையும் ஏற்ற வேண்டும். எனக்கு 2020 நவம்பர் சுற்றில் அழைப்பு வந்தது. ஜனவரியில் ஏற்றி முடித்தேன். இந்த முறைக்குப் பெயர் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். சிரிப்பதும் சிரிக்காததும் உங்கள் விருப்பம்.

அடுத்த மாதம், 2021 பிப்ரவரி 13 அன்று, கனடா 75 புள்ளி எடுத்தவர்களைக்கூட அழைத்தது. மொத்தம் 27,332 பேர். எல்லோரும் கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் பிரிவினர். கொரோனா காலம், எல்லைகள் மூடியிருந்தன, உள்ளே இருப்பவர்களுக்கு முன்னுரிமை. நியாயம் புரிகிறது. என் புள்ளி 474. நியாயம் புரிவதற்கும் தூக்கம் வருவதற்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எல்லாப் பிரிவுகளுக்குமான பொதுச் சுற்று 2020 டிசம்பர் 23க்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்றுதான் மறுபடி நடந்தது. அழைப்பு கிடைத்து ஏற்றியவர்களின் கோப்புகள் அப்படியே இருந்தன. என்னுடையதும்.

*

காத்திருப்பு என்று சொன்னால் நம் இலக்கிய நண்பர்கள் உடனே இரண்டு பெயர் சொல்வார்கள்: காஃப்கா, பெக்கெட். எனக்கும் சொன்னார்கள். மறுபடி எடுத்துப் படித்தேன். கல்லூரியில் படித்தபோது உடம்பை உலுக்கிய பக்கங்கள் இந்தத் தடவை ஒட்டவே இல்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

காஃப்காவின் 'சட்டத்தின் முன்' கதையில் கிராமத்து மனிதன் ஒரு வாசலில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். சாகும் நேரத்தில், அந்த வாசல் அவனுக்காக மட்டுமே இருந்தது என்று காவலாளி சொல்கிறான். அது பயங்கரமான முடிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு கௌரவமும் இருக்கிறது. அவனுக்கென்று ஒரு கதவு! என் கதவில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள், எனக்கென்று அங்கே இருந்தது ஒரு எண் மட்டும்தான். பெக்கெட்டின் இருவருக்கு கோடோ யார், வருவானா என்றே நிச்சயமில்லை. எனக்கு கோடோவின் மின்னஞ்சல் முகவரி தெரியும். எழுதினால் தானியங்கிப் பதில்கூட வரும்.

புஸாட்டியின் 'தார்த்தாரியப் பாலைவனம்' கொஞ்சம் பக்கத்தில் வந்தது. எல்லைக் கோட்டையில் எதிரிக்காகக் காத்துக் காத்து வயதாகிப்போகும் ராணுவ அதிகாரி துரோகோவின் கதை. அங்கே வாழ்க்கை நழுவுவதை அவனே கவனிக்காத விதம் அற்புதமாக வந்திருக்கும். ஆனால் அதுவும் கடைசியில் மரணத்தைப் பற்றிய நாவல். இந்த மூன்றிலும் காத்திருப்பு ஒரு உருவகம். மனித நிலைமை, இருத்தல், கடவுள் என்று எதற்கோ அது நிற்கிறது. என்னுடையது எதற்கும் நிற்கவில்லை. அது விசாவுக்காகக் காத்திருப்பது, அவ்வளவுதான். அதில் வெறுமையும் கிடையாது. நாள் முழுக்க வேலை இருக்கும். போலீஸ் கிளியரன்ஸுக்கு அலைவது, வங்கி இருப்பைக் குறையாமல் பார்த்துக்கொள்வது, டெலிகிராம் குழுவில் யாருக்கு என்ன நகர்ந்தது என்று பார்ப்பது, இரவு 11 மணிக்கு மேல் அங்கே அலுவலக நேரம் என்பதால் மெயிலைத் திரும்பத் திரும்பத் திறப்பது.

இந்த வேலைப்பளுவை எழுதிய நாவல் ஒன்று உண்டா என்று தேடியபோதுதான் அன்னா ஸெகர்ஸின் 'டிரான்ஸிட்' கிடைத்தது. மார்கோட் பெட்டாவர் டெம்போவின் ஆங்கில மொழிபெயர்ப்பை கிண்டிலில் படித்தேன். காகிதப் புத்தகம் வாங்கினால் அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

*

1940-41. பிரான்ஸின் வடபகுதியை நாஜிகள் பிடித்துவிட்டார்கள். தப்பித்தவர்கள் எல்லோரும் தெற்கே மார்செய் துறைமுகத்தில் குவிந்திருக்கிறார்கள். பெயர் சொல்லப்படாத கதைசொல்லி ஜெர்மானியன், முகாமிலிருந்து தப்பியவன். பாரிஸில் வைடெல் என்ற எழுத்தாளரிடம் ஒரு கடிதம் சேர்க்கப் போகிறான். அவர் விடுதி அறையில் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார். அவருடைய பெட்டி இவன் கைக்கு வருகிறது. மார்செயில் மெக்சிகோ தூதரகம் இவனையே வைடெல் என்று எடுத்துக்கொள்கிறது. இவனும் மறுக்கவில்லை. வைடெலின் மனைவி மரீ அதே ஊரில் கணவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இவன் அவளைக் காதலிக்கத் தொடங்குகிறான்.

கதை இப்படிச் சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். 2018ல் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் இதைப் படமாகவே எடுத்தார், இன்றைய மார்செயில் நடப்பதாக. ஆனால் நாவலின் உயிர் அதன் தாள்களில் இருக்கிறது. போக வேண்டிய நாட்டின் விசா வேண்டும். வழியில் இருக்கும் நாடுகளின் டிரான்ஸிட் வேண்டும். பிரான்ஸை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். கப்பல் டிக்கெட் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனிக் காலாவதித் தேதி. ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று செத்துப்போயிருக்கும். காரகாஸில் வேலை ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு முதிய இசை நடத்துநர் வருகிறார். அவருக்கு விசா கிடைக்கும்போது டிரான்ஸிட் இல்லை, டிரான்ஸிட் வரும்போது விசா முடிந்துவிட்டது, இரண்டையும் புதுப்பித்தால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இந்தச் சுற்றைக் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டே திரிகிறார். அந்த அலைச்சலிலேயே இறந்தும்போகிறார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் மருத்துவப் பரிசோதனைக்கு 11 மாதம் முடிந்திருந்தது. மறுபடி எக்ஸ்ரேவுக்குப் போய் நிற்கப்போகிறேன் என்று தெரியும். சிரித்தேன், அழவில்லை. அதுதான் இந்த நாவல் எனக்குச் செய்த முதல் உதவி. ஸெகர்ஸ் அந்த முதியவரை வைத்து மனிதகுலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எந்தத் தாள் எப்போது காலாவதியானது என்று மட்டும் சொல்கிறார். காஃப்காவிடம் நான் தேடியது இந்த எளிய மரியாதையைத்தான்.

இன்னொரு முரண் இன்னும் கூர்மையானது. மார்செயில் தங்க அனுமதி வேண்டுமென்றால், மார்செயை விட்டுப் போகப்போகிறேன் என்று நிரூபிக்க வேண்டும். கதைசொல்லிக்கு எங்கும் போக ஆசையில்லை. அந்த ஊர் பிடித்திருக்கிறது. தங்குவதற்காகவே அவன் கிளம்புகிறவனாக நடிக்கிறான். சுற்றியிருக்கும் எல்லோரும் கிளம்புவதைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. காபிக் கடையில் கப்பல், தெருவில் கப்பல், படுக்கையில் கப்பல். அவனுக்குக் காது வலிக்கிறது.

எனக்கு இங்கேதான் சுருக்கென்றது. அந்தக் காபிக் கடைக் கும்பலில் ஒருத்தி நான். ஒன்றரை வருஷம் என்னிடம் யார் பேசினாலும் பேச்சு கனடாவில் போய் முடிந்தது. திருச்சியில் இருந்தேன், ஆனால் திருச்சியில் இல்லை. அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்டால் தெரியாது. அம்மாவுக்குக் கண் மங்கலாகியிருப்பதை அண்ணன் ஊரிலிருந்து வந்து இரண்டே நாளில் கண்டுபிடித்தான். அதே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. 'ஏண்டி, நீ கூடவேதானே இருந்த?' என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. காத்திருப்பு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது காலத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எடுத்தது இடத்தை.

*

இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மார்செயில் நின்றவர்களுக்குப் பின்னால் மரணம் நின்றது. எனக்குப் பின்னால் ஒரு ஐடி வேலையும் மாதச் சம்பளமும் இருந்தன. கோப்பு நிராகரிக்கப்பட்டால் நான் சாகப்போவதில்லை. தமிழில் இந்தத் தாள்களின் வன்முறையை எழுதியவர்கள் ஈழத்து எழுத்தாளர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' ஓர் அகதி விண்ணப்பத்தோடுதான் தொடங்குகிறது. அந்த வரிசையில் என் பெயரைச் செருக எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஸெகர்ஸின் நாவலே இந்தக் கூச்சத்துக்கு ஒரு வழி காட்டுகிறது. அதன் கதைசொல்லி தன்னை யாருடைய துயரத்துக்கும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதில்லை. அவனுடைய புகார் ஒன்றே ஒன்று: சலிப்பு. கொல்லும் சலிப்பு. படிக்கும் பழக்கமே இல்லாத அவன், செத்துப்போன வைடெலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் படிக்கும்போது அந்தச் சலிப்பு விலகுகிறது. தன் தாய்மொழி மறுபடி காதில் விழுகிறது. பிரதி முடியாமல் பாதியில் நிற்கும்போது அவன் தவித்துப்போகிறான். வாசிப்பைப் பற்றி நான் படித்த மிக நல்ல பக்கங்களில் அவையும் உண்டு. பெரிய துயரத்தின் நடுவிலும் சின்னச் சலிப்பு உண்மையானதுதான் என்று அந்தப் பக்கங்கள் ஒத்துக்கொள்கின்றன. எனக்கு அந்த அளவு இடம் போதும்.

நாவலோடு எனக்குச் சண்டையும் உண்டு. கடைசியில் மரீ கப்பல் ஏறுகிறாள். கதைசொல்லி தன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பீச் பழத்தோட்டத்தில் வேலைக்குப் போகிறான். இந்த மக்களின் நல்லது கெட்டதில் பங்கெடுப்பேன் என்று முடிவெடுக்கிறான். காத்திருப்புக்கு ஸெகர்ஸ் தரும் மருந்து இது: இருக்கும் இடத்தில் இரு. மருந்து சரி. ஆனால் நோயாளிக்கு அது கட்டுப்படியாகுமா? ஸெகர்ஸே தங்கவில்லை. 1941 மார்ச்சில் அதே மார்செயிலிருந்து குடும்பத்தோடு கப்பல் ஏறினார். அதே கப்பலில் லெவி-ஸ்ட்ராஸும் ஆந்த்ரே பிரெத்தோனும் இருந்தார்கள். அவர் மெக்சிகோவில் குடியிருந்தபோது, 1944ல், இந்த நாவல் வந்தது, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். எழுதப்பட்ட மொழியான ஜெர்மனில் வர 1948 ஆனது. கப்பல் ஏறிப்போனவர், ஏறாமல் நின்றவனை எழுதியிருக்கிறார். முதலில் இது எனக்குப் பொய்யாகப் பட்டது. தப்பித்தவர் தங்குவதன் மகிமையைச் சொல்கிறாரே என்று கோபம்கூட வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. போகிறவர்கள் எல்லோருக்குள்ளும் போகாத ஒருத்தர் தங்கிவிடுகிறார். அவருக்கும் ஒரு வேலை, ஒரு தோட்டம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் புலம்பெயர் கதைகள் நிறைய இருக்கின்றன. நான் படித்தவரை, வேலைக்காகப் போகிறவர்களின் கதை பெரும்பாலும் விமான நிலையத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருஷம், ஐந்து வருஷம் ஒரு வரியில் தாண்டப்படும். கனடா 2012ல் ஒரு சட்டம் போட்டது. 2008 பிப்ரவரி 27க்கு முன் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் விண்ணப்பித்து, இன்னும் முடிவு வராமலிருந்த கோப்புகளை அப்படியே முடித்துவைத்தது. குடும்பத்தினரையும் சேர்த்து சுமார் 2,80,000 பேர். கட்டணம் திருப்பித் தரப்பட்டது. அதற்குள் வீடு வாங்காமல் விட்டவர்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள், மிக்ஸி மூடி வாங்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் விமான நிலையத்துக்கே வராததால் கதைக்குள்ளும் வரவில்லை. அந்த நாவலை எழுத காஃப்கா வேண்டாம். தேதிகளைச் சரியாக எழுதுகிற ஒருவர் போதும்.

நாவலை முடித்த வாரம், 2022 மார்ச்சில், பாலக்கரையில் ஒரு பழைய மரச்சாமான் கடையில் 3,500 ரூபாய்க்குப் புத்தக அலமாரி வாங்கினேன். 'பைத்தியமாடி நீ?' என்றாள் அம்மா. ஆனால் பெட்டிகளைப் பிரிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. மிக்ஸிக்கு மூடி வந்தது.

பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் வந்தது அக்டோபரில். அலமாரியை என்ன செய்வது என்று தெரியாமல் கீழ்வீட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் குரூப் 4 எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தான். 'எனக்கெதுக்குக்கா, வேலை கெடச்சா எந்த ஊர்ல போடுவாங்களோ' என்று தயங்கினான்.

'பரவால்ல, இப்ப வெச்சுக்கோ' என்றேன்.