எரிந்த கலமும் மூழ்கிய வீடும்

‘ஸ்டார் டிரெக் 3’ (1984) திரைப்படத்தில், எதிரிகள் ஏறிவிட்ட எண்டர்பிரைஸ் விண்கலத்தை அதன் தலைவன் கிர்க் தானே தகர்க்கிறான். மகனை இழந்த கணத்தையொட்டி எடுக்கப்படும் முடிவு அது. கலம் எரிந்து வீழ்வதைக் கோளின் தரையில் நின்று பார்க்கும் காட்சி, இரசிகர்க்கு ஓர் இழவுக்காட்சியே. ஆயினும் அத்துயரை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1986இல் வெளிவந்த அடுத்த படத்தின் இறுதியில், அதே பெயரில் புதிய கலம் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.

இவ்வையத்தை என்னுள் எழுப்பியது தேனிப் பகுதியைக் களமாகக் கொண்ட புதினம். 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதுபெற்ற வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அது. அதில் வைகை அணைநீர் பேயத்தேவரின் வீட்டைச் சூழ்கிறது. அழிக்கும் முடிவு அவருடையதன்று. மாற்றாகப் பெறவும் ஏதுமில்லை. கிர்க்கைப் போல் விலகி நின்று பார்க்கவும் அவரால் முடியவில்லை. இயன்றதை மீட்கப்போய் அந்நீரிலேயே மாய்கிறார்.