பரதேசியும் யாத்திரிகனும்

ஜான் பனியன் 1678-இல் தம் நூலுக்குப் பெயரிடுங்கால் ‘டிராவலர்’ என்னாது ‘பில்கிரிம்’ என்றார். இரண்டும் வழிச்செல்வோனையே குறிப்பினும், பின்னது அயலான் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. புனிதத் தலம் நாடிச் செல்வோன் என்பது அதன்மேல் ஏறிய பொருள். 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் எபிரெயர் நிருபத்தில் (11:13) அதனை ‘ஸ்ட்ரேஞ்சர்’ என்பதோடு இணைத்தே வழங்குகிறது. அவ்விடத்து 1871-ஆம் ஆண்டுப் பவர் திருப்புதல் ‘பரதேசி’ என்றது. வேர்ப்பொருளுக்கு இதனினும் அணுக்கமான சொல்லை யாம் காணோம். ஆயின், வழக்கில் அச்சொல் இரந்துண்போனைக் குறிக்கத் தாழ்ந்தது. காப்பியத் தலைவனுக்கு அது பொருந்துமோ?

பனியன் கதையைக் காப்பியமாக்கிய பாளையங்கோட்டை எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900), 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று பெயரிட்டார். வைணவக் குடியிற் பிறந்தவர்க்கு யாத்திரை பழகிய சொல். இதில் செல்லுமிடம் விளங்குகிறது, அயன்மை மறைகிறது. அன்றியும், யாத்திரை போனோர் இல்லம் திரும்புவர். பனியனின் தலைவனோ திரும்புவதில்லை. ‘இரட்சணிய’ என்னும் அடை இக்குறையைப் பெரிதும் நிரப்புகிறது என்றே கருதுகிறோம். சேருமிடத்தையே பெயரில் வைத்தபின் திரும்புதற்கு வழியேது?

‘ஜர்னி’ என்னாது பனியன் கொண்ட ‘புரோகிரஸ்’ என்பதற்கோ, முன்னேற்றம் என்பதோடு, அரசர் தம் நாட்டினூடே செல்லும் உலாச்செலவு என்னும் பழம்பொருளும் உண்டு. உலா இலக்கியம் வளமுற்ற தமிழில் இதற்கொரு சொல் நாடப்படாமை வியப்பே.