பனியின் சான்று: துருவச் செய்திகளை எடைபோடுதல்

சான்று பகர்பவருக்கு மூன்று கடமைகள் உண்டு. தாம் கண்டதைக் கண்டதாகச் சொல்ல வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவே சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்ப வேண்டும். நீதிமன்றத்தில் நாம் எதிர்பார்க்கும் இந்நேர்மையை நாளிதழ்களிடம் எதிர்பார்க்கிறோமா? துருவப் பகுதிகளில் நடைபெறும் காலநிலை ஆய்வுகளைப் பற்றி எழுதும் அறிவியல் செய்தியாளர்களைப் பொறுத்தவரை இக்கேள்வி கூடுதல் கூர்மை பெறுகிறது. அவர்கள் எழுதுவது மெய்தானா என்று பார்த்துவர நம்மில் எவரும் தென்துருவம் செல்லப்போவதில்லை. சரிபார்க்க இயலாத சாட்சிக்கே பொறுப்பு மிகுதி.

முதற்குறை சொல்லில் தொடங்குகிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைப்பழம் வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பூவனா, ரஸ்தாளியா, கற்பூரவல்லியா, நேந்திரனா என்ற கேள்விதான் முதலில் வரும். பெயர் பிசகினால் விலை பிசகும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆனால், துருவத்தைப் பற்றிய நம் செய்திகளில் எல்லாமே ‘பனிப்பாறை’தான். நிலத்தின்மீது மெல்ல நகரும் பனியாறும் பனிப்பாறை. கண்டத்தையே மூடிக்கிடக்கும் பனிவிரிப்பும் பனிப்பாறை. கடல்நீரே உறைந்த கடற்பனியும் பனிப்பாறை. உடைந்து மிதந்து செல்லும் பனிக்குன்றும் பனிப்பாறையே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கோடையில் மார்க்கெட்டின் சர்பத் கடையில், விளிம்புவரை நிறைந்த குவளையில் மிதக்கும் பனிக்கட்டி கரைவதால் சர்பத் வழிவதில்லை. வெளியிலிருந்து இன்னொரு கட்டியைப் போட்டால்தான் வழியும். வடதுருவத்தின் கடற்பனி முதல் வகை. அது உருகுவதால் கடல்மட்டம் ஏறத்தாழ உயராது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனி இரண்டாம் வகை. அதுவே கடலை உயர்த்தும். 2017 ஜூலையில் அண்டார்டிகாவின் லார்சன்-சி பனித்தட்டிலிருந்து ஏறத்தாழ 5,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பனிக்குன்று பிரிந்தது. அது டெல்லி மாநிலத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆயினும் முன்னரே மிதந்துகொண்டிருந்த பனியாதலால், அது தன்னளவில் கடலை உயர்த்தவில்லை. அப்படியானால் அச்சத்திற்கு இடமே இல்லையா? உண்டு. மிதக்கும் பனித்தட்டு, பின்னாலிருக்கும் பனியாற்றை மதகுப் பலகைபோல் தடுத்து நிற்கிறது. அது பெயர்ந்தால் நிலத்துப் பனி விரைந்து கடலில் இறங்கும். இந்த நுட்பத்தைச் சொல்லாத செய்தி அச்சத்தைத் தரும், அறிவைத் தராது.

இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. 2014 மே மாதத்தில் மேற்கு அண்டார்டிகாவின் பனியாறுகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. பின்வாங்குதல் தொடங்கிவிட்டது, அதைத் தடுத்து நிறுத்துவது அரிது என்பது அவற்றின் சாரம். உலகெங்கும் தலைப்புச் செய்திகள் ‘சரிவு’ என்றே முழங்கின. சரிவு என்றதும் கட்டடம் ஒன்று இடிந்து விழுவதே நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால், துவைட்ஸ் பனியாற்றின் விரைவான சரிவு தொடங்க 200 முதல் 900 ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதே அவ்வாய்வுகளுள் ஒன்றின் கணிப்பு. பனியாற்றின் சரிவு தலைமுறைகளைக் கடந்து நிகழ்வது. ‘ஊழிநாள் பனியாறு’ என்ற பட்டப்பெயரும் ஆய்வாளர் இட்டதன்று. 2017-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ஜெஃப் குட்டெல் எழுதிய கட்டுரை வழியே பரவியது. தமிழ்நாட்டின் பரப்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிந்த அப்பனியாறு முழுவதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும். இவ்வுண்மைக்குப் பட்டப்பெயர் எதற்கு?

ஆய்வாளர்களும் சில வேளைகளில் அவசரப்படுவதுண்டு. 2012 செப்டம்பரில் வடதுருவக் கடற்பனி ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 2015 அல்லது 2016-க்குள் கோடைக்காலப் பனி முற்றிலும் மறைந்துவிடும் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பீட்டர் வாதம்ஸ் அப்போது கூறினார். ஏனைய ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால், ஆண்டு குறித்துச் சொல்லும் குரல்தான் செய்தியாகும். 2016 வந்தது; 40 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பனி எஞ்சியிருந்தது. உடனே, ‘இவர்கள் சொல்வதெல்லாம் பொய்’ என்பாருக்குக் கொண்டாட்டம். மெய்ந்நிலை என்ன? 1979 முதல் 2024 வரையிலான செயற்கைக்கோள் பதிவில் மிகக் குறைந்த 18 அளவுகளும் 2007 முதல் 2024 வரையிலான 18 ஆண்டுகளிலேயே பதிவாகியுள்ளன. தவறிய ஒரு நாள்குறிப்பு, தவறாத நீண்ட சரிவை மறைத்துவிட்டது. மிகைக்கூற்றின் உண்மையான விலை இதுவே: அது அச்சுறுத்துவதோடு நிற்பதில்லை; பின்னர் வரும் மெய்யான எச்சரிக்கையையும் செல்லாக்காசாக்கிவிடுகிறது.

மூன்றாவது குறை, ‘கூடும்’ என்பதை ‘ஆகும்’ என்று எழுதுவது. கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வடதுருவத்தின் காரா கடற்பனி குறைவதற்கும் மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதம் பெய்யும் கனமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது அதன் கருத்து. தலைப்பிலேயே அவர்கள் ‘சாத்தியமான’ என்ற சொல்லை வைத்தார்கள். அச்சொல்லை உதிர்த்துவிட்டு, வடதுருவம் உருகியதால் இங்கே வெள்ளம் என்று எழுதுவது எளிது. ஆனால், அந்த ஒரு சொல்லில்தான் ஆய்வாளரின் மனச்சான்று குடியிருக்கிறது.

இவ்வளவு சொல்வதால், ஆபத்துச் சிறியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. இருதரப்பும் பேசட்டும் என்று சொல்லி, ஆயிரம் அளவீடுகளின் எதிரே ஒருவரது ஐயத்தைச் சமமாக நிறுத்துவதும் பொய்ச்சான்றே. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது எனவும், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 28 சென்டிமீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை உயரலாம் எனவும் ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு 2021-இல் அறிவித்தது. பனிவிரிப்புகளின் போக்கு முழுதும் விளங்காமையால் இரண்டு மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் அறவே மறுப்பதற்கில்லை என்று அக்குழு சேர்த்துரைத்தது. காவிரி கடலோடு கலக்கும் தாழ்நிலத்தில், வேதாரண்யத்திலும் நாகையிலும் உப்புநீர் வயலேறுவது எத்தகைய துயரம் என்பதை நம் உழவர்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை சரியான அளவும் சரியான காலமும், பரபரப்பன்று.

நல்ல சான்றுகளும் இல்லாமலில்லை. 2019-இல் துவைட்ஸ் நோக்கிச் சென்ற ஆய்வுக்கப்பலில் உடன்சென்ற எலிசபெத் ரஷ், தம் ‘தி குவிக்கனிங்’ நூலில் ஆய்வாளரோடு மாலுமிகளின் குரலையும் சமையலரின் குரலையும் பதிவு செய்கிறார். பனிக்கு முன் தம் அறிவு எவ்வளவு சிறியது என்பதை மறைப்பதில்லை. நமக்கு இன்னும் அண்மையில், 1983-இல் புறப்பட்ட இந்தியக் குழுவில் அதிதி பந்த்துடன் சென்று, அண்டார்டிகாவில் கால்பதித்த முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா, தம் அனுபவத்தை வங்காளத்திலேயே நூலாக்கினார். கண்டவர் தம் தாய்மொழியில் சொல்லும்போது, இடையில் நின்று கூட்டிக் குறைப்பவர் இல்லாமற்போகிறார்.

தமிழிலும் அதற்குரிய வாய்ப்பு நம் வாசலிலேயே உள்ளது. வடதுருவத்தின் கோங்ஸ்ஃபியோர்டன் நீர்ப்பரப்பில் 2014-இல் இந்தியா நிறுவிய ‘இண்டார்க்’ அளவைக் கருவித் தொகுதியை உருவாக்கியதில், சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்திற்குப் பங்குண்டு. அயல்நாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பியதை இரவோடிரவாக மொழிபெயர்க்கும் நம் இதழாளர், பள்ளிக்கரணைக்கு ஒருமுறை பேருந்தேறிச் சென்று, ‘இக்கருவி எதை அளக்கிறது? எதை அளக்காது?’ என்று கேட்டால் போதும். பனியாறு எது, கடற்பனி எது என்று பிரித்தெழுதினால் போதும். எத்தனை ஆண்டுகளில் என்பதைத் தலைப்பிலேயே சொன்னால் போதும். காய்கறிக் கடையில் தராசு முள்ளைக் கூர்ந்து பார்க்கும் வாசகர், செய்தியின் முள்ளையும் அவ்வாறே பார்க்கப் பழகட்டும். நிறுத்துப் பார்க்கும் வாசகர் முன்னிலையில் பொய்ச்சான்று நெடுநாள் நிற்காது.