மீட்டியாரும் ஒற்றை எஞ்சின் பயிற்சியும்

பறந்துகொண்டிருக்கும்போதே இரண்டு எஞ்சின்களில் ஒன்றை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, மற்றொன்றை மட்டும் நம்பித் தரையிறங்கிப் பழகுவது 1950களின் பிரிட்டிஷ் விமானப்படையில் வழக்கமான பாடம். கிளாஸ்டர் மீட்டியார் ஜெட்டில் இந்தப் பாடம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. ஆனால் உண்மையிலேயே எஞ்சின் நின்று விழுந்தவற்றைவிட, நின்றதாகப் பாவித்துப் பழகும்போது விழுந்தவையே அதிகம் என்பது அதை ஓட்டியவர்களிடையே நெடுங்காலம் வழங்கிய பேச்சு.

மீட்டியார் முதலில் பறந்தது 1943 மார்ச்சில். படையில் சேர்ந்தது 1944 ஜூலையில். அன்றைய ஜெட் எஞ்சினுக்கு உந்துவிசை போதாது என்பதால் இரண்டு பொருத்தினார்கள். ஃபிராங்க் விட்டில் வகுத்த வழியில் வந்த அந்த எஞ்சின்கள் பீப்பாய்போலப் பருத்தவை. அவை உடலிலிருந்து நன்றாகத் தள்ளி, இறக்கைக்கு ஒன்றாக அமர்ந்தன. சிக்கலின் வேர் இந்த இடைவெளிதான்.

இடது எஞ்சின் நின்றால் வலது எஞ்சின் மூக்கை இடப்பக்கம் தள்ளும். அதை நேராக்க விமானி வலது காலால் சுக்கான் மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். மீட்டியாரின் சுக்கானுக்கு எந்திரத் துணை கிடையாது, முழுக்கவும் கால்பலம்தான். முழங்காலை விறைத்து, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து மிதித்தாலும் சில நிமிடங்களில் தொடை நடுங்கத் தொடங்கும். வேகம் பாதியானால் சுக்கானில் காற்று தரும் விசை கால்பங்காகிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, எவ்வளவு மிதித்தாலும் விமானம் கேட்காது. அப்போது ஓடும் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தால், விமானம் செத்த எஞ்சின் பக்கம் திரும்பி மல்லாந்துவிடும். ஓடுபாதைக்கு எட்டாமல் தாழ்ந்து வருகிறோம் என்று உணரும் விமானியின் கை தானாகவே போவது அந்த விசைப்பிடிக்குத்தான். உயிர்பிழைக்கச் செய்யும் காரியமே உயிரைக் குடித்தது.

இப்படியொரு விமானத்தில் பயிற்சியே வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. விமானம் கேட்காமல் போகும் அந்த எல்லை வேகம் விமானத்துக்கு மட்டும் உரியதல்ல, காலுக்கும் உரியது. குட்டையான விமானிக்கு ஓர் எண், நெடிய விமானிக்கு வேறு எண். பாதுகாப்பான உயரத்தில் ஓர் எஞ்சினின் விசையைக் குறைத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, கால் தோற்கும் இடத்தை அவரவரே கண்டறிவது பயிற்சியின் முதல் பகுதி. எந்தக் கையேடும் தராத அறிவு இது. அந்த உயரத்தில் பிழை செய்தாலும் திருத்திக்கொள்ள இடமுண்டு.

குறை அடுத்த பகுதியில் இருந்தது. எஞ்சினை முற்றாக அணைத்துவிட்டே ஓடுபாதைவரை இறங்கச் சொன்னார்கள். விசையைக் குறைத்து வைத்த எஞ்சின் கொஞ்சமேனும் தள்ளும், எனவே அது உண்மையான கோளாறு ஆகாது என்பது ஆதரவாளர் வாதம். வாதம் சரிதான், ஆனால் கொடுத்த விலை பொருந்தவில்லை. விசை குறைத்த எஞ்சினைத் தேவைப்பட்டால் திரும்பக் கூட்டலாம். அதற்கே அன்றைய ஜெட்டுகள் சில வினாடி எடுத்துக்கொண்டன. அணைந்த எஞ்சினை மறுபடி எரியவைக்கவோ உயரமும் நேரமும் வேண்டும். தரையை நெருங்கிய பயிற்சி விமானிக்கு இரண்டும் இல்லை. ஒத்திகை அந்தக் கணத்தில் நிஜ விபத்தாக மாறிவிடுகிறது. மேலும், எஞ்சின் அடிக்கடி நின்ற பிஸ்டன் விமானக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. மீட்டியாரின் டெர்வென்ட் எஞ்சின் அவற்றைவிட நம்பகமானது. அபாயம் குறைந்த பிறகும் அதற்கான ஒத்திகை மட்டும் பழைய கடுமையோடு நீடித்தது.

பயிற்சிக்கென்றே வந்த இரட்டை இருக்கை டி.7 வகையில் வெளியேற்று இருக்கை இல்லை என்பது இதைவிடக் கொடுமை. ஒற்றை இருக்கை எஃப்.8 வகைக்கு அது கிடைத்தது. மாணவரும் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து ஆபத்தை வரவழைத்துப் பழகிய விமானத்துக்குக் கிடைக்கவில்லை. 1950இல் கொரியப் போர் மூண்டபின் படை விரிந்தது. கட்டாயப் படைச்சேவைக்கு வந்த இளைஞர்களும் ஜெட் ஓட்டக் கற்றார்கள். பிரிட்டிஷ் விமானப்படை இழந்த மீட்டியார்கள் ஏறத்தாழ 890. மாண்ட விமானிகள் சுமார் 450 பேர். எல்லாம் இந்தப் பயிற்சியால் நேர்ந்தவை அல்ல. ஒரு மணிநேரம்கூடத் தாங்காத எரிபொருள், பலவீனமான பிரேக், மேகமூட்டம் என்று காரணங்கள் பல. இருந்தும் இந்தப் பட்டியலில் படை தானே தேர்ந்துகொண்ட அபாயம் என்று சொல்லத்தக்கது ஒற்றை எஞ்சின் பயிற்சி.

பிற்காலத்தில் எஞ்சினை அணைக்காமல் விசையை மட்டும் குறைத்துப் பழகுவது வழக்கமானது. வடிவமைப்பிலும் விடை கிடைத்தது: 1960இல் சேவைக்கு வந்த லைட்னிங்கில் இரண்டு எஞ்சின்களும் உடலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, ஒன்று நின்றாலும் மூக்கு பக்கவாட்டில் திரும்பாது. ஆனால் கான்பெரா குண்டுவீச்சு விமானத்தில், 1957 முதல் இந்திய விமானப்படை ஓட்டியவை உட்பட, எஞ்சின்கள் இறக்கைகளிலேயே இருந்தன. கால்பலத்தையும் எல்லை வேகத்தையும் பற்றிய அதே பாடத்தை அதன் விமானிகளும் படிக்க வேண்டியிருந்தது.