மேரி ஸ்டூவர்ட்டின் இறுதிக் கடிதம்

மேரி ஸ்டூவர்ட்டின் இறுதிக் கடிதம் (1587) ஸ்காட்லாந்து அரசியாக இருந்த மேரி, தூக்கிலிடப்படாமல் தலை வெட்டப்பட்டு இறப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் எழுதிய கடிதம். பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றிக்குப் பிரெஞ்சு மொழியில் தன் கைப்பட எழுதினார். கடிதம் இப்போது எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தனிப்பட்ட கடிதமாகவும் அரசியல் ஆவணமாகவும் ஒரே நேரத்தில் வாசிக்கத்தக்கது.

பின்னணி

மேரி 1542-ல் பிறந்தார். பிரெஞ்சு இளவரசர் பிரான்சிஸை மணந்து பிரான்சின் அரசியானார். கணவர் 1560-ல் இறந்தபின் ஸ்காட்லாந்து திரும்பினார். 1567-ல் மகன் ஜேம்ஸுக்காக முடிதுறக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். 1568-ல் இங்கிலாந்தில் அடைக்கலம் தேடியவரை எலிசபெத் ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலில் வைத்தார். எலிசபெத்தைக் கொல்லும் பாபிங்டன் சதிக்கு உடன்பட்டார் என்று 1586-ல் ஃபாதரிங்கே கோட்டையில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார்.

1587 பிப்ரவரி 7 மாலை, மறுநாள் காலை எட்டு மணிக்குத் தண்டனை நிறைவேறும் என்று அறிவித்தார்கள். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு மேரி இக்கடிதத்தை எழுதினார். ஹென்றி அவருடைய முதல் கணவரின் தம்பி.

உள்ளடக்கம்

உயில் எழுதத் தன் தாள்களைக் கேட்டும் கிடைக்கவில்லை, உடலைப் பிரான்சுக்குக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை என்ற செய்திகளுடன் கடிதம் தொடங்குகிறது. கத்தோலிக்க நம்பிக்கையும் இங்கிலாந்து முடிமீது தனக்குள்ள உரிமையுமே தன் தண்டனைக்குக் காரணங்கள் என்கிறார். தன் குரு அதே கோட்டையில் இருந்தும் பாவமன்னிப்பு பெற அவரைச் சந்திக்க விடவில்லை என்கிறார்.

அடுத்து வேண்டுகோள்கள் வருகின்றன. பணியாளர்களின் சம்பளப் பாக்கியை ஹென்றி கொடுக்கவேண்டும். தன் ஆன்மாவுக்காகப் பிரார்த்தனை நடத்தவேண்டும். தனக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை நினைவுத் திருப்பலிக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கவேண்டும். நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட இரண்டு கற்களை ஹென்றிக்குப் பரிசாக அனுப்புகிறார்.

நடை

இக்கடிதத்தில் புலம்பல் இல்லை. நடந்தது, மறுக்கப்பட்டது, செய்யவேண்டியது என்று ஒரு பொறுப்பை ஒப்படைப்பவரின் ஒழுங்கில் செல்கிறது. பணியாளர்களைப் பற்றிய வேண்டுகோள் மட்டும் இரண்டு இடங்களில் வருகிறது. சம்பளம் கொடுக்காமல் சாவது மனச்சாட்சிக்குப் பாரம் என்று அவர் கருதியதை அந்த இரட்டிப்பே காட்டுகிறது.

மகனைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. அவன் தகுதிக்கு ஏற்ப அவனைக் கவனிக்கும்படி சொல்லிவிட்டு, அவனுக்காகத் தான் பொறுப்பேற்க முடியாது என்கிறார். கைக்குழந்தையாகப் பிரிந்த மகன் தாயின் எதிரணியில் வளர்ந்த வரலாறு முழுதும் அதில் அடங்கியிருக்கிறது. கடிதத்தில் மிகக் குறைவாகப் பேசி மிக அதிகம் உணர்த்தும் இடம் இதுவே.

சொல்லாமல் விட்டவை

கடிதம் தன்னைக் குற்றமற்றவர் என்று அறிவிக்கிறது. பாபிங்டனின் பெயரை எடுக்கவில்லை. சதி என்ற குற்றச்சாட்டை மறுத்து வாதாடாமல், மதத்துக்காக இறப்பவர் என்ற நிலையை எடுத்துக்கொள்கிறது. எனவே இதை உள்ளத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது போதாது. கத்தோலிக்க ஐரோப்பா தன் மரணத்தை எப்படி நினைவில் கொள்ளவேண்டும் என்று மேரி இங்கே தீர்மானிக்கிறார். அதனால் கடிதம் பொய்யாகிவிடாது. ஒருவர் தான் நம்புவதையே, தனக்குப் பயன்படும் வகையிலும் எழுத முடியும்.

பிற கடிதங்களுடன் ஒப்பீடு

மேரியின் வாழ்க்கையைக் கடிதங்களே திருப்பிப்போட்டன. 1568-ல் அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட ‘பேழைக் கடிதங்கள்’ இன்று மூல வடிவில் இல்லை. படிகளும் மொழிபெயர்ப்புகளுமே எஞ்சின. பாபிங்டனுக்கு அவர் மறைகுறியில் எழுதிய கடிதத்தை இடைமறித்து விடுவித்த தாமஸ் ஃபெலிப்ஸ், அதில் போலிப் பின்குறிப்பு ஒன்றையும் சேர்த்தார். இத்தகைய வரலாற்றில், ஐயத்துக்கு இடமின்றி மேரியின் கையெழுத்திலேயே கிடைக்கும் இறுதிக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஸ்காட்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள 1320-ஆம் ஆண்டின் ஆர்ப்ரோத் பிரகடனமும் ஒரு கடிதமே. பிரபுக்கள் போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு லத்தீனில் எழுதியது. அதில் ஒரு நாடு ‘நாங்கள்’ என்று பேசுகிறது. மேரியின் கடிதத்தில் நாடு இழந்த ஒருவர் ‘நான்’ என்று பேசுகிறார்.

பிற்கால வரலாறு

மேரியின் பணியாளர்கள் பல மாதங்கள் காவலில் வைக்கப்பட்டதால் கடிதம் உடனே பிரான்சை அடையவில்லை. பின்னர் பாரிசில் இருந்த ஸ்காட்டியக் கல்லூரியில் நெடுங்காலம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அக்கல்லூரியின் ஆவணங்கள் சிதறியபோதும் தப்பியது. நூலகம் இதன் படங்களை இணையத்தில் வெளியிட்டுள்ளது.

பிரான்சில் அடக்கம் செய்யப்படவேண்டும் என்ற விருப்பம் நிறைவேறவில்லை. பீட்டர்பரோ பேராலயத்தில் புதைக்கப்பட்ட உடலை, இங்கிலாந்தின் அரசராகிவிட்ட ஜேம்ஸ் 1612-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு மாற்றினார்.

மதிப்பீடு

இக்கடிதத்தைத் தியாகியின் சாசனம் என்று போற்றுவோரும் கைதேர்ந்த அரசியல்வாதியின் கடைசி நகர்வு என்று ஒதுக்குவோரும் அதன் பாதியையே வாசிக்கிறார்கள். உரிமை கோரும் அரசியும் சம்பளக் கணக்கைத் தீர்க்க நினைக்கும் எசமானியும் ஒரே தாளில் இருக்கிறார்கள். பழங்கடிதங்களை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும் மாணவர்கள் எழுதியவர் என்ன சொன்னார் என்பதுடன், யாருக்கு, எதற்காக, எதை விடுத்துச் சொன்னார் என்றும் கேட்கவேண்டும். அதைப் பயில்வதற்கு இக்கடிதம் சிறந்த பாடம்.